மூக்குத்தி மங்கிய கல்யாணப் படங்கள்

பழுதென்று எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கேமரா லென்ஸை நான் ஒரு போட்டோகிராபருக்கு விற்றேன். அதை வைத்து அவர் எடுத்த படங்கள் மங்கலாக வந்தபோது, கோளாறு லென்ஸில் இல்லை, உங்கள் கண்ணில்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவர் நம்பினார். கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பிறகு தொழிலையே விட்டார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது வைத்தால் அதற்குள் எனக்குச் சாதகமாக நாலு காரணங்களைச் சேர்த்துவிடுவேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

கீழ்நாட்டில் ஒரு கல்லூரியில் முப்பது வருடம் இயற்பியல் கற்பித்தவன் நான். ஓய்வு பெற்றதும் கொல்லிமலை மேல் வளப்பூர் நாடு என்கிற ஊரில் கொஞ்சம் நிலமும் ஓட்டு வீடு ஒன்றும் வாங்கினேன். மலைக்குளிர் மனைவிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவள் மகனோடு சேலத்தில் தங்கிவிட்டாள். நான் மாதத்தில் இருபது நாள் மேலே, பத்து நாள் கீழே என்று ஓட்டினேன். மிளகுக்கொடியை ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு வேலை இல்லை. அதனால் கேமரா வாங்கினேன்.

கேமராவோடு வந்த சாதாரண லென்ஸ் போதவில்லை என்று ஆறே மாதத்தில் தோன்றியது. சென்னைக்குப் போய் எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று வாங்கினேன். கடைப்பையன், "முகம் எடுக்கணும்னா இதுதான் சார். பின்னாடி எல்லாம் வெண்ணெய் மாதிரி கரைஞ்சிடும், முகம் மட்டும் நிக்கும்" என்றான். அவன் சொன்னது உண்மை. சந்தைக்கு வரும் முகங்களை எடுத்தேன். பலாப்பழம் சுமந்து வருபவர்கள், பேருந்துக்குக் காத்திருப்பவர்கள். சுருக்கம் சுருக்கமாக, மயிர்க்கால் மயிர்க்காலாக அவர்கள் என் கணினித் திரையில் நின்றார்கள்.

செம்மேட்டில் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன ஸ்டுடியோ இருந்தது. அதன் உரிமையாளர் மலையிலேயே பிறந்தவர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அப்பாவின் நிலத்தில் மரவள்ளி போட்டுக்கொண்டே ஃபிலிம் காலத்தில் படம் பிடிக்கக் கற்றவர். பாஸ்போர்ட் அளவுப் படம், காதுகுத்து, கல்யாணம், கட்சிக்காரர்களின் பிளக்ஸ் பேனர் எல்லாம் அவரிடம்தான். நான் மெமரி கார்டு வாங்கப் போன இடத்தில் பழக்கமானார்.

அவர் வேலை செய்யும் விதத்தை நான் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மலை வீடுகளின் உள்ளே வெளிச்சம் குறைவு. கல்யாணத்தன்று அடுப்புப் புகையும் சேர்ந்துகொள்ளும். அந்த இருட்டில் கேமராவின் ஃபோகஸ் எதையும் பிடிக்காமல் முன்னும் பின்னும் தடுமாறும். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். பெண்ணின் மூக்குத்தி. எவ்வளவு இருட்டிலும் மூக்குத்திக் கல்லில் ஒரு பொட்டு வெளிச்சம் இருக்கும். கேமராவின் ஃபோகஸ் புள்ளியை அதன்மேல் வைத்து, அது பிடித்ததும் பட்டனை அழுத்துவார். "மொகத்தைக் கொஞ்சம் சன்னல் பக்கம் திருப்பு கண்ணு, மூக்குத்தி மினுங்கட்டும்" என்பார். ஆண்கள் மட்டும் நிற்கும் படமென்றால், "ஒங்க யாருக்கும் மூக்குத்தி இல்லியே, நான் எங்க போறது" என்று சிரிக்க வைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானில் வைப்பார்.

என் லென்ஸைக் கையில் வாங்கிப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றே கேட்பார். "ஏனுங்க சார், இதை எப்பத் தரப்போறீங்க?"

"அடுத்த லென்ஸ் வாங்கும்போது" என்பேன்.

"நாளைக்கே வாங்குங்க."

இன்னொன்றும் சொல்வார். "தோல் பையில போட்டு வெக்காதீங்க சார். இந்த ஊரு ஈரத்துக்குத் தோலே பூத்துப்போகும். வறுத்த அரிசியைத் துணியில கட்டி டப்பாவுக்குள்ள போட்டு, அதுல வெய்யுங்க." நான் கேட்கவில்லை. நல்ல தோல் பை. அதோடு பீரோவுக்குள் வைத்தேன். இரண்டாவது மழைக்காலம் முடிந்து எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தபோது, கண்ணாடிக்கு உள்ளே வெள்ளை நூல் இழைகள் கிளைவிட்டிருந்தன. பூஞ்சை.

சென்னையில் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பியிருக்கலாம். ஒன்றரை மாதம் ஆகும் என்றார்கள். ஒளியியலை முப்பது வருடம் பாடம் நடத்தியவன் ஒரு லென்ஸைத் திறக்கமாட்டேனா என்று தோன்றியது. இணையத்தில் ஒரு வீடியோ பார்த்தேன். சிறிய திருப்புளிகளை வரவழைத்தேன். சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து அதைப் பிரித்தேன்.

பூஞ்சையை நன்றாகவே துடைத்தேன். அதில் குறை சொல்ல முடியாது. கேமராவோடு பொருந்தும் உலோகத் தட்டுக்கு அடியில் தலைமுடி கனத்தில் மூன்று பித்தளை வளையங்கள் இருந்தன. தொழிற்சாலையில் தூரத்தைச் சரிக்கட்ட வைப்பவை. திரும்ப மாட்டும்போது இரண்டுதான் இருந்தன. மூன்றாவதை மறுநாள் மேசைக் காலுக்கு அருகில் கண்டுபிடித்தேன். என் காலே மிதித்து மடங்கிப் போயிருந்தது. அது இல்லாமலேயே இறுக்கி மூடினேன்.

தூரத்தில் உள்ளவை எல்லாம் முன்பு போலவே தெரிந்தன. முகங்களில்தான் வித்தியாசம். பக்கவாட்டில் ஒரு அளவுகோலைச் சாய்த்து வைத்து, அதன் நடுக்கோட்டில் ஃபோகஸ் வைத்து எடுத்துப் பார்த்தேன். நடுக்கோடு மங்கல். ஒரு உள்ளங்கை அகலம் பின்னால் தள்ளியிருந்த எண்கள் கத்தி மாதிரி தெளிவாக இருந்தன. பத்துமுறை எடுத்தேன். பத்துமுறையும் அதே இடம்.

என் கேமரா கொஞ்சம் உயர்ந்த ரகம். லென்ஸ் பின்னால் தள்ளினால் அதை முன்னால் இழுக்கச் சொல்லும் ஒரு வசதி அதன் மெனுவில் உண்டு. அதில் கடைசி எண் வரை போனபிறகு ஏறக்குறையச் சரியானது. ஆனாலும் மனம் ஒப்பாமல் சேலத்தில் ஒரு மாடிக்கடையில் லென்ஸ் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டித் திருகாணிகளைப் பார்த்தார்.

"யாரோ கை வெச்சிருக்காங்க."

"நான்தான்."

"வாத்தியாருங்களா?"

"எப்படித் தெரிஞ்சது?"

"டாக்டரும் வாத்தியாரும்தான் திறப்பாங்க. மத்தவங்க பயந்துக்குவாங்க." பிறகு, "ஒரு வளையம் இல்லை. உள்ள கண்ணாடியும் கொஞ்சம் சாஞ்சிருக்குது. விட்டுட்டுப் போங்க, வளையம் செஞ்சு போட்டு, மெஷின்ல வெச்சு நேர் பண்ணணும். ஒரு மாசம். உங்க கேமராவுல தப்பிச்சுக்கலாம். வேற கேமராவுல போட்டா காட்டிக்குடுத்துரும்."

நான் விட்டுவிட்டு வரவில்லை. அவர் கேட்ட தொகைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் வேறொரு லென்ஸே வாங்கலாம் என்று தோன்றியது. வாங்கவும் செய்தேன். இது வீட்டில் கிடந்தது. அப்போதுதான் செம்மேட்டுக்காரர் மறுபடியும் கேட்டார். "எப்பத் தரப்போறீங்க சார்?"

விற்ற நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. லென்ஸை என் கேமராவில் மாட்டிக்கொண்டு போனேன். அவர் மனைவியைக் கடை வாசலில் நிற்கவைத்து நானே எடுத்துத் திரையைப் பெரிதாக்கிக் காட்டினேன். இமை மயிர் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. மெனுவில் கடைசி எண்ணுக்குத் தள்ளி வைத்திருந்ததைச் சொல்லவில்லை. அவர் அதைக் கழற்றித் தன் கேமராவில் மாட்டி, எதிரே மேட்டில் நின்ற சில்வர் ஓக் மரங்களை எடுத்துப் பார்த்தார். தூரம், நல்ல வெயில். அதில் பழுது தெரியாது. அவருடைய கேமராவில் அந்த மெனு கிடையாது என்று எனக்குத் தெரியும். புதிதின் விலையில் பாதிக்கும் கொஞ்சம் மேலே கேட்டேன். அவர் பேரம் பேசவில்லை. "வாத்தியார் வெச்சிருந்த பொருளு" என்று மனைவியிடம் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, அவர் செம்மேட்டிலிருந்து பேருந்தில் வளப்பூர் நாட்டுக்கு என் வீடு தேடி வந்தார். கையில் ஒரு கல்யாண ஆல்பம். உட்காராமலேயே பிரித்து என் மடியில் வைத்தார்.

"பொண்ணோட மாமன் கடையில வந்து நாலு பேருக்கு முன்னால கத்தறாருங்க. பொண்ணு மூஞ்சிய எடுக்கச் சொன்னா காதை எடுத்திருக்கறே, நாங்க என்ன தோட்டுக்கா கல்யாணம் பண்ணினோம்னு கேக்கறாரு. கடையில இருந்தவங்க எல்லாம் சிரிக்கறாங்க."

முதல் படத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மூக்குத்தி வெறும் வெளிச்சத் திட்டு. கண்கள் தண்ணீருக்கு அடியில் இருப்பவை போல. காதுத் தோட்டின் கற்களை மட்டும் எண்ணிவிடலாம். என் மேசையில் வைத்திருந்த அளவுகோலில் பார்த்த அதே உள்ளங்கை அகலம்.

"புள்ளியை நான் மூக்குத்தி மேலதானுங்க வெக்கறேன். எனக்கு அப்படித்தான் தெரியுது. ஆனா படம் காதுல போய் நிக்குது. அப்போ எனக்குத் தெரியறதே தப்புங்களா?" அவர் என் முகத்தையே பார்த்தார். "மெஷின் பொய் சொல்லுமுங்களா சார்?"

அடுப்பில் பால் வைத்திருந்தேன். எழுந்துபோய் அதை இறக்கிவைத்துவிட்டு வந்தேன். வந்து உட்கார்ந்து, "மெஷின் பொய் சொல்லாது" என்றேன்.

"பழைய லென்ஸ்ல ஒழுங்கா வருதுங்களே?"

இதற்கும் என்னிடம் பதில் இருந்தது. பழைய லென்ஸ் முன்னும் பின்னும் நிறையத் தூரத்தைத் தெளிவாகக் காட்டும், அதனால் கண்ணின் தவறை மன்னித்துவிடும், இந்த லென்ஸ் மன்னிக்காது என்றேன். முதல் பாதி பாடப்புத்தகத்தில் இருப்பது. அதனால்தான் இரண்டாம் பாதியை அவர் சந்தேகிக்கவில்லை. ஒரு காகிதத்தில் கண்ணை வரைந்தேன். நாற்பதுக்குப் பிறகு கண்ணுக்குள் இருக்கும் வில்லை எப்படி இறுகிப்போகிறது என்று விளக்கினேன். வகுப்பில் சொல்வது போலவே நிதானமாகச் சொன்னேன். அவர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். கண்ணை வைத்துப் பார்க்கும் துளையை விட்டுவிட்டு, கேமராவின் பின்திரையைப் பார்த்து எடுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் போதும். திரை வழியாக எடுக்கும்போது ஃபோகஸ் வேறு விதமாக வேலை செய்யும். இந்தப் பழுது படத்தில் வந்தே இருக்காது. உண்மையை ஒப்புக்கொள்ளாமலேயே அவரைக் காப்பாற்றியிருக்கலாம். அது எனக்கு அன்றே தெரியும். சொன்னால், ஏன் என்று கேட்பாரே என்று பயந்து அதையும் சொல்லவில்லை.

கண்ணின் தவறை ஒளித்துக்கொண்டு காசு வாங்கமாட்டேன் என்று அவர் பழைய லென்ஸுக்குத் திரும்பவில்லை. முதலில் கண்ணாடி போட்டார். கண்ணாடியோடு எடுத்தும் படம் காதிலேயே நின்றது. நாமக்கல்லில் கண் மருத்துவரைப் பார்த்தார். வலக்கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது, இப்போதைக்கு அவசரமில்லை, சில வருடம் தள்ளிப்போடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வயதில் பலருக்கும் அப்படி ஒரு துளி இருக்கும். இவர்தான், எனக்குத் தொழிலே இந்தக் கண்ணுங்க, எடுத்துருங்க என்று பிடிவாதம் பிடித்துச் செய்துகொண்டார். பச்சைத் துணி கட்டிய கண்ணோடு மலையடிவாரம் காரவள்ளியிலிருந்து பேருந்தில் வளைவு வளைவாக ஏறி வந்து இறங்கியவரை, செம்மேடு பேருந்து நிலையத்தில் நின்றிருந்த நான் பார்த்தேன்.

"இனிமேல் நேரா நிக்குமுங்க" என்று சிரித்தார்.

"நிக்கும்" என்றேன்.

நிற்கவில்லை. ஆபரேசன் ஆறியபிறகு அவர் எடுத்த முதல் கல்யாணமும் அப்படியே. ஒரு காதுகுத்தில் குழந்தையின் முகம் போய், மடியில் வைத்திருந்த தாய்மாமனின் சட்டைப் பொத்தான் தெளிவாக இருந்தது. அதன்பின் மலையில் பேச்சு பரவிவிட்டது. பாவம், கண் போயிருச்சு. ஆபரேசன் பண்ணியும் தேறல. கோபமாகச் சொன்னவர்கள் குறைவு. இரக்கமாகச் சொன்னவர்களே அதிகம். கல்யாணக்காரர்கள் ராசிபுரத்திலிருந்து ஆள் வரவழைத்தார்கள். ஸ்டுடியோவை மொபைல் ரீசார்ஜ் கடைக்கு விட்டுவிட்டார். சந்தை நாட்களில் அவர் மனைவியோடு மரவள்ளிக்கிழங்கு விற்க உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பேன். நான் கிழங்கு வாங்குவேன். இரண்டு கிலோ, மூன்று கிலோ. தனியாளுக்கு எதற்கு அவ்வளவு என்று அந்த அம்மாள் ஒருமுறை கேட்டார். நான் வெறுமனே சிரித்தேன்.

இப்படி இரண்டு வருடம். ஒவ்வொரு வாரமும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துப் போவேன். கிழங்கோடு திரும்புவேன்.

ஒரு நாள் அவரே வந்தார். வறுத்த அரிசி மூட்டை போட்ட எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, துணியில் சுற்றிய லென்ஸை எடுத்து என் முன்னால் வைத்தார். கண்ணாடியில் ஒரு தூசு இல்லை.

"இதை நீங்களே வெச்சுக்குங்க சார். காசெல்லாம் வேண்டாமுங்க. நல்ல பொருளு. பார்வை தெரியாதவன்கிட்ட எதுக்குக் கெடக்கணும்? விக்கலாம்னா மனசு வல்ல. உங்ககிட்ட இருந்து வந்தது."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் லென்ஸை வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் தேநீர் குடித்துவிட்டு, மிளகுக்கொடியில் வாடல் தெரிகிறதே, மருந்து அடியுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சேலம் போனேன். மாடிக்கடைக்காரருக்கு என்னை நினைவிருந்தது. "வாத்தியாரே, அன்னிக்கே விட்டுட்டுப் போகச் சொன்னேன்ல?" என்றார். இந்தமுறை விட்டுவிட்டு வந்தேன். வளையம் செய்து போட்டு, சாய்ந்திருந்த கண்ணாடியை நிமிர்த்தி, ஒரு மாதம் கழித்துக் கொடுத்தார். என் கேமராவின் மெனுவைப் பூஜ்யத்தில் வைத்துச் சோதித்தேன். ஃபோகஸ் வைத்த கோடே தெளிவாக நின்றது.

அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். செம்மேட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். வாசலில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. அவர் மனைவி கோழியை விரட்டிக்கொண்டிருந்தார். அவர் கயிற்றுக்கட்டிலில் இடம் ஒதுக்கினார். நான் உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வளையம், மெனு, சேலத்துக்காரர் எச்சரித்தது, அன்று ஆல்பத்தைப் பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்தது. எதையும் விடவில்லை.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். கோபத்துக்குத் தயாராக இருந்தேன். அவர் கேள்விதான் கேட்டார், ஒவ்வொன்றாக.

"அந்த மாமங்காரன் கத்தினது?"

"லென்ஸ்தான்."

"தெக்கால ஊட்டுக் காதுகுத்து?"

"அதுவும் லென்ஸ்தான்."

"ஆபரேசனுக்குப் பொறவு எடுத்தது?"

"எல்லாமே லென்ஸ்தான் தம்பி. உங்க கண்ணுல ஒண்ணுமே இல்லை."

அவர் கொஞ்ச நேரம் சாமையைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "அப்போ நான் மூக்குத்தி மேலதான் வெச்சிருக்கறேன்."

"ஆமா."

"எனக்குத் தெரிஞ்சதுதான் சரி."

"ஆமா."

"அப்போ நல்லா இருந்த கண்ணையா அறுத்துக்கிட்டேன்?"

அவர் மனைவி கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டார். அந்த அம்மாள் என்னிடம் அதுவரை குரலை உயர்த்திப் பேசியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"ஏனுங்க, கண்ணு கட்டிக்கிட்டு இவரு வந்தப்ப, பஸ் ஸ்டாண்டுல நீங்க நின்னுட்டிருந்தீங்க. நான் பாத்தேன். நேரா நிக்கும்னு சொன்னீங்க. வாரா வாரம் கெழங்கு வாங்கினீங்க. அந்தக் கெழங்கை என்னங்க பண்ணுனீங்க?"

"சிலது வீணாப் போச்சு அம்மிணி."

"அப்படியும் உங்களுக்கு வாய் வல்ல."

அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார். நான் லென்ஸைக் கட்டிலில் வைத்தேன். அவருடைய கேமராவை எடுத்துவரச் சொன்னேன். எடுத்து வந்தார். பேட்டரி இறங்கியிருந்தது. அது ஏற ஒன்றரை மணி நேரம் ஆனது. பிறகு மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் மனமில்லாமல் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார். முகத்தைத் திருப்பச் சொல்லாமலேயே அவர் லென்ஸை மாட்டிய கேமராவைக் கண்ணில் வைத்தார். இடக்கண்ணில். ஆபரேசனுக்குப் பிறகு பழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார். எனக்கு அது அப்போதுதான் தெரியும்.

முதல் படம். திரையில் பெரிதாக்கினோம். மூக்குத்திக் கல், அதைப் பிடித்திருக்கும் கம்பி, பக்கத்தில் வியர்வை எல்லாம் தெளிவாக இருந்தன.

"பாருங்க" என்றேன். என் குரலில் சந்தோஷம் வந்துவிட்டது. எனக்கே வெட்கமாக இருந்தது.

அவர் பார்த்தார். மறுபடியும் எடுத்தார். பெரிதாக்கினார். மறுபடியும். ஏழெட்டுப் படம். எல்லாமே சரியாக இருந்தன. கடைசியில் கேமராவை மனைவியிடம் நீட்டி, "நீயே சொல்லு. நல்லா இருக்குதா?" என்றார்.

"நல்லாத்தான் இருக்குது."

"நெசமாவா?"

"உனக்குத் தெரியலியா?"

"தெரியுது. தெரியறது சரியான்னுதான் கேக்கறேன்."

அந்த ஊரில் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். சந்தையன்று கடை கடையாகப் போய்ச் சொல்கிறேன், அந்த மாமனிடமே போகிறேன் என்றேன். உண்மையாகவே செய்திருப்பேன். அவர் தலையசைத்து மறுத்தார்.

"வேண்டாமுங்க. கண்ணு போச்சுன்னா பாவம்னு விட்டுருவாங்க. லென்ஸ் கோளாறுன்னு சொன்னா, ரெண்டு வருசம் கையில வெச்சிருந்தும் கண்டுபிடிக்காத போட்டோகாரன்னு சிரிப்பாங்க. அதுக்கு இதே தேவலைங்க. எங்கியாச்சும் எழுதோணும்னா பேரு போடாம எழுதிக்குங்க."

ஆகவே நான் சரிசெய்ய நினைத்ததில் பாதிக்கு அவர் அனுமதிக்கவில்லை. மீதிப் பாதியில் நான் செய்தது இவ்வளவுதான். லென்ஸின் விலையையும் ஆபரேசன் செலவையும் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை, மனைவி வாங்கிக்கொண்டார். எண்ணிப் பார்க்காமல் முந்தானையில் முடிந்தார். மங்கிப்போன அந்தக் கல்யாணத்தாரிடம், நான் செலவு செய்கிறேன், பெண்ணையும் மாப்பிள்ளையையும் மறுபடி உடுத்தி நிற்கவைத்துப் புதிதாக எடுத்துத் தருவதாகச் சொல்லுங்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் விசாரித்துவிட்டு வந்து, பெண் கல்யாணமான மூன்றாவது மாதத்திலேயே திருப்பூருக்குப் போய்விட்டது, தாலி எடுத்துக் கொடுத்த தாத்தா போன ஆடியில் இறந்துவிட்டார் என்றார்.

ஒரே ஒரு முறை மறுபடியும் படம் எடுக்கப் போனார். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. என்னையும் அழைத்திருந்தார்கள். ஒரு படத்தை எடுப்பார், திரையைப் பெரிதாக்கிப் பார்ப்பார், மறுபடி எடுப்பார், பார்ப்பார், பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுவார். குழந்தையைத் தூக்கியவர்கள் கை கடுத்து நின்றார்கள். "சித்தப்பா, காதுல ரத்தமே காஞ்சுபோச்சு, இன்னும் எத்தனை தடவை?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி, மொபைலில் எடுத்துக்கொண்டிருந்த ஒருவரைக் காட்டி, "அதுலயே எடுத்துக்குங்க, நல்லா வரும்" என்றார். படங்களை நான் பிறகு வாங்கிப் பார்த்தேன். எல்லாமே தெளிவாக இருந்தன. அவரிடம் சொன்னேன். "இருக்குமுங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கேமராவைத் தொடவில்லை. என்னோடு பேசாமல் இருப்பதில்லை. எதிரில் பார்த்தால், "நல்லா இருக்கறீங்களா சார்" என்பார். நின்று ஒரு நிமிடம் பேசுவார், மழையைப் பற்றி, மிளகு விலையைப் பற்றி. அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

போன வாரம் செம்மேடு பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். அவர் கண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு ஆங்கிலக் காகிதத்தோடு வந்தார். இடக்கண்ணிலும் ஏதோ பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறார்கள் போலிருக்கிறது. முன்பெல்லாம் இப்படி ஒரு காகிதம் வந்தால் வளப்பூர் நாடு வரை பேருந்தில் வந்து என்னிடம் நீட்டுவார். இப்போது எனக்கு வணக்கம் சொன்னார். பிறகு என்னைத் தாண்டிப் போய், பேருந்துப் படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கண்டக்டரிடம் அதைக் கொடுத்து, "இதுல என்னங்க போட்டிருக்குது, கொஞ்சம் பாருங்க" என்றார். கண்டக்டர் எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு வார்த்தையைத் தவறாகப் படித்தார். நான் இரண்டடி தூரத்தில் நின்றிருந்தேன். திருத்தலாமா என்று வாய் வரை வந்தது. அவர் கண்டக்டரின் முகத்தையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.